முடக்கக் காலத்துப் பிள்ளைகள் – 9: அரை மாத்திரை

காய்ச்சல் வார்டுகள் காலியான கதையைப் போன வாரம் பார்த்தோம். விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள், இங்கே இடமில்லை.

2020-இல் ஃபிட்ஸ் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிள்ளைகள் பல நாடுகளில் குறைந்தார்கள். அதில் ஒரு பாதி நல்ல சேதி. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வரும் காய்ச்சல் வலிப்பு, நம் பாட்டிமார் ஜன்னி என்பார்களே, அது நிஜமாகவே குறைந்தது. பால்வாடி பூட்டிக் கிடந்ததால் சளி ஒட்டவில்லை; சளியில்லாமல் காய்ச்சல் ஏது, ஜன்னி ஏது! (ஒமைக்ரான் வந்தபோது வட்டியோடு திரும்பியது, அது தனிக் கதை.) மறு பாதி அப்படியல்ல. நாள்பட்ட வலிப்புள்ள பிள்ளைக்கு நோய் லீவு விடவில்லை, வழிதான் அடைபட்டது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இரண்டும் ஒரே மாதிரி, ‘சேர்க்கை குறைவு’ என்றுதான் விழும்.

திருப்பூரில் அந்த வழி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மருத்துவக் கல்லூரி திறந்ததே 2022 ஜனவரியில்தான். அதுவரை பிள்ளையின் நரம்புக்கென்று டாக்டரைப் பார்க்கப் பெரும்பாலும் கோவைக்கு ஓட வேண்டும். 2020 ஜூனில் இரண்டு மாவட்டமும் ஒரே மண்டலம் என்று கொஞ்ச நாள் பஸ் ஓடியது. பிறகு அதுவும் நின்று, மாவட்டம் தாண்டிய பஸ்ஸை மறுபடி பார்த்தது செப்டம்பர் 7-இல்.

இனி இந்த வாரம் என்னைப் பிடித்து ஆட்டிய விஷயம். ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25 அன்று, போன் வழியாக வைத்தியம் பார்க்கலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் வெளியாயின. அருமை. ஆனால் போதை மருந்துச் சட்டத்தின் பட்டியலில் உள்ள எதையும் போனில் எழுதக்கூடாது என்று அதிலேயே ஒரு தடை. அந்தப் பட்டியலில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? குளோபாசம், குளோனசிபாம், பீனோபார்பிட்டோன். நம் ஊரில் பிள்ளைகளின் வலிப்புக்கு அன்றாடம் எழுதும் மாத்திரைகள்! ஜன்னி கண்ட பிள்ளைக்கு அடுத்த காய்ச்சலில் இரண்டு மூன்று நாள் கொடுக்கச் சொல்வதும் பெரும்பாலும் குளோபாசம்தான். ஏப்ரலிலேயே மூன்றுக்கும் விலக்கு வந்துவிட்டது. டெல்லி இவ்வளவு சீக்கிரம் திருந்தியதை நான் அதிகம் பார்த்ததில்லை. விலக்கு ஏட்டில் வந்தது சரி, மெடிக்கல் கவுண்டருக்கு எப்போது வந்தது?

திருப்பூர் பாண்டியன் நகரில் ஓவர்லாக் மெஷின் ஓட்டும், வலிப்புள்ள பையனின் அம்மா ஒருவர் சொன்னதைக் கேளுங்கள். “சீட்டு பழசாயிருச்சுன்னாங்க. டாக்டரு போன்ல சொன்னாருங்கன்னா, ‘அக்கா, போன்ல சொன்னதுக்கெல்லாம் இந்த மாத்திரை தர முடியாதுங்க்கா’ன்னுட்டாங்க.” கையில் இருந்தது ஒரு அட்டையில் பாதி. கம்பெனியில் பிசிறு நூல் வெட்டும் டிரிம்மரைத் துடைத்து, ஐந்து மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக வெட்டி, காலண்டர் தாளில் மடித்து வைத்திருக்கிறார். ராத்திரிக்குப் பாதி, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதி. குளோபாசத்தைத் திடீரென்று குறைப்பதே வலிப்பைக் கூப்பிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சாவிக்கொத்தைக் கொண்டு வந்து பையன் கையில் திணித்திருக்கிறார். (இரும்பு எதையும் நிறுத்தாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108.) வலிப்பு தானே நின்றுவிட்டதால் பையனை எங்கும் சேர்க்கவில்லை. ஆக, அந்த வருடப் புள்ளிவிவரத்தில் அவன் ‘குறைந்தவர்களில்’ ஒருவன்.

ரிஷிகேஷ் எய்ம்ஸ் டாக்டர்கள் அதே 2020-இல், வலிப்புள்ள பிள்ளைகளைப் போனிலேயே பார்த்துச் சமாளிக்க முடிகிறது என்று எழுதினார்கள். முடியும்தான், மறுமுனையில் மாத்திரை கிடைத்தால். திருப்பூருக்கு வேலைக்கு வந்திருந்த ஒடிசா, பீகார்க் குடும்பங்கள் மே மாதச் சிறப்பு ரயில்களில் ஊர் திரும்பியபோது அவர்கள் பிள்ளைகளின் சீட்டும் கூடவே ரயிலேறிவிட்டது. அவர்களை எந்த ஊர்க் கணக்கில் தேடுவது?

கால் விளங்காமல் போகும் கில்லன்-பாரே பற்றி இந்த வாரம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், மாத்திரை விழுங்கிவிட்டது. அடுத்த வாரம் கட்டாயம். 15 வயதுக்குள் எந்தப் பிள்ளைக்குத் திடீரென்று கைகால் துவண்டாலும், போலியோவா என்று பார்க்க அரசுக்குத் தகவல் போயாக வேண்டும். 2011-இல் ஹவுராவில் கடைசிப் போலியோ கண்ட பிறகும் இந்தக் கணக்கை நாம் மூடவில்லை. கொரோனா வருடத்தில் அந்த ஏட்டில் என்ன விழுந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)