சிறுநீரகங்களும் கொட்டைப் பருப்புகளும்

மனிதனின் சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம் எடையே உள்ளவை. எனினும், இதயம் செலுத்தும் இரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அவற்றின் வழியே பாய்கிறது. இரத்தத்தை வடித்துத் தூய்மை செய்யும் இவ்வேலைக்குப் பிராணவாயு மிகுதியாகச் செலவாகிறது. அப்போது தோன்றும் சில வீரியமிக்க பொருள்கள் உயிரணுக்களின் மென்சவ்வைச் சிதைக்க வல்லவை. இச்சிதைவைத் தடுக்க உதவுவது வைட்டமின் 'ஈ'.

100 கிராம் பாதாம் பருப்பில் அது சுமார் 25 மில்லிகிராமும், நிலக்கடலையில் சுமார் 8 மில்லிகிராமும் உண்டு. ஆகவே, விலை குறைந்த கடலையும் பயனுள்ளதே. உப்பிடாமல் நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி போதும்.

ஆனால் இது உணவேயன்றி மருந்தன்று. சிறுநீரகம் பழுதுற்றோர் உடலில், பருப்புகளிலுள்ள பொட்டாசியமும் பாஸ்பரசும் வெளியேறாது தேங்கித் தீங்கு விளைக்கக்கூடும். அன்னோர் மருத்துவரைக் கேட்டே உண்ணுதல் வேண்டும். கடலையின் சிறப்பை மக்களுக்கு எடுத்துரைப்போர் இவ்வெச்சரிக்கையையும் சேர்த்தே கூறுதல் கடமையாகும்.