தொடை இடுக்கில் வலிக்குதா? சுளுக்குன்னு விட்டுடாதீங்க!

ஈரோடு:

மஞ்சள் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினாலும், தறிப்பட்டறையில் நாள் முழுக்க நின்றாலும் மேல் உடம்பு பாரம் வந்து இறங்கும் இடம் இடுப்பு மூட்டு. "இடுப்பு புடிச்சிருச்சுங்க" என்று சொல்லும் பலர் அடிமுதுகைத்தான் தடவுகிறார்கள். உண்மையில் இடுப்பு மூட்டு இருப்பது தொடை இடுக்குக்கு உள்ளே ஆழத்தில். மூட்டு கெட்டுப்போனால் பெரும்பாலும் அங்கேதான் வலிக்கும். சிலருக்கு முழங்காலில் கூட வலி தெரியும்.

பந்தும் கிண்ணமும்

உடம்பிலேயே நீளமான எலும்பு தொடை எலும்பு. அதன் மேல் முனை பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். இடுப்பு எலும்பில் கிண்ணம் போல ஒரு குழி உண்டு. அதற்குள் பந்து உட்கார்ந்து சுழல்கிறது. இரண்டும் தேயாமல் இருக்க வழுவழுப்பான குருத்தெலும்பும், எண்ணெய் விட்ட மாதிரி ஒரு திரவமும் உள்ளன.

காலை முன்பக்கம் சுமார் 120 டிகிரி மடக்கலாம். பக்கவாட்டில் 45 டிகிரி விரிக்கலாம். பின்பக்கம் 20 டிகிரியை தாண்டுவது கஷ்டம். குந்தி உட்காரவும், சம்மணம் போடவும் இந்த அசைவுகள்தான் கைகொடுக்கின்றன.

150 கிலோ பாரம்

ஒரு காலில் நிற்கும்போது இடுப்பு சாயாமல் பக்கவாட்டு தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பும் சேர்வதால், 60 கிலோ ஆளுக்கு மூட்டில் சுமார் 150 கிலோ பாரம் விழும். அதனால் மூட்டு வலி உள்ளவர்கள் கைத்தடியை வலிக்கு எதிர்ப்பக்க கையில் பிடிக்க வேண்டும். அப்போதுதான் பாரம் குறையும்.

வழுக்கி விழுந்தால்...

பந்துக்கு ரத்தம் போவது அதன் கழுத்துப்பகுதி வழியாக. கழுத்து முறிந்தால் ரத்தம் நின்று பந்து செத்துப்போகும் ஆபத்து உண்டு. பாத்ரூமில் விழுந்த பெரியவர்களுக்கு கால் குட்டையாகி, வெளிப்பக்கம் திரும்பி இருந்தால் எண்ணெய் தடவி, கட்டு போட்டு நாள் கடத்தக்கூடாது. நடக்க வைக்காமல் உடனே 108 ஆம்புலன்சை கூப்பிட வேண்டும்.

அளவுக்கு மீறிய குடியும், டாக்டரை கேட்காமல் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையும் அடிபடாமலே இந்த ரத்த ஓட்டத்தை கெடுத்துவிடும்.

மாற்று மூட்டு

இங்கிலாந்து டாக்டர் ஜான் சார்ன்லி 1962-ல் உலோக பந்து, பிளாஸ்டிக் கிண்ணம் வைத்து செய்த ஆபரேஷன்தான் இன்றைய மாற்று சிகிச்சைக்கு அடிப்படை. ஆண்டு வருமானம் ரூ.1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பத்தினர் முதல்-அமைச்சர் காப்பீட்டு திட்டத்தில் இந்த ஆபரேஷனை இலவசமாக செய்து கொள்ளலாம். ஆஸ்பத்திரிக்கு போகும்போது ரேஷன் கார்டையும், காப்பீட்டு அட்டையையும் மறக்காமல் எடுத்துப்போக வேண்டும்.