தீக்குச்சி மருந்து வேண்டாம்... தண்ணீர் போதும்! வீட்டுப் பிள்ளைகளின் முதல் ராக்கெட்

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்புகிறவர்கள் கார், பைக், செல்போன் என்று ஏதோ ஒன்றின் பாகத்தைத் தினமும் பொருத்துகிறவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை, “அப்பா, ராக்கெட் செய்யலாமா?” என்று கேட்டால் தாராளமாகச் சரி சொல்லலாம். எதில் தொடங்குவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

இந்த ஆசைக்குக் காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 2023 பிப்ரவரி 19 அன்று, செங்கல்பட்டு மாவட்டம் பட்டிபுலத்திலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. அரசுப் பள்ளி மாணவர்கள் உட்பட 5,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பங்கெடுத்த திட்டம் அது. அவர்கள் உருவாக்கிய 150 குட்டி செயற்கைக்கோள்கள் அதில் இருந்தன. அதை முன்னெடுத்தவர்களில் ஒன்றான ‘ஸ்பேஸ் ஸோன் இந்தியா’, 2024 ஆகஸ்ட் 24 அன்று திருவிடந்தையிலிருந்து ‘ரூமி-1’ ராக்கெட்டையும் ஏவியது.

ஷூ கடைக்காரர் கண்டுபிடித்த கிட்

மாடல் ராக்கெட் பொழுதுபோக்கு பிறந்ததே பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான். 1950-களில் அமெரிக்கச் சிறுவர்கள் வீட்டிலேயே எரிபொருள் கலந்து ராக்கெட் விட முயன்று காயப்பட்டார்கள். இதன் ஆபத்தைப் பற்றி ராக்கெட் பொறியாளர் ஹாரி ஸ்டைன் 1957-ல் எழுதினார். அதைப் படித்த ஆர்வில் கார்லைல் என்ற ஷூ கடைக்காரர், 1954-லேயே தான் செய்துவைத்திருந்த பாதுகாப்பான சின்ன ராக்கெட்டை அவருக்கு அனுப்பினார். காகித உடல், பால்சா மரத் துடுப்புகள், பாராசூட், தயாராக அடைக்கப்பட்ட மோட்டார். பிள்ளை மருந்தைத் தொடவே வேண்டாம்!

இன்றைய கிட்களிலும் இதே பாகங்கள்தான். மோட்டார் மேல் ‘ஏ8-3’ என்று எழுதியிருக்கும். ‘ஏ’ என்பது மொத்தச் சக்தி. ‘பி’ என்றால் அதன் இரு மடங்கு வரை. 8 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டன் கணக்கில். மோட்டார் அணைந்து 3 விநாடி கழித்து, உள்ளே இருக்கும் சிறிய மருந்து பாராசூட்டை வெளியே தள்ளும்.

ஆனால், மோட்டாருக்குள் இருப்பது வெடிமருந்து. அதைத் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் இந்தியாவில் உரிமம் தேவை. எனவே, அனுபவமுள்ள அமைப்புகளின் மேற்பார்வையில் மட்டுமே அதைத் தொடலாம். தீக்குச்சி மருந்தைச் சுரண்டுவது, பட்டாசைப் பிரித்துக் கொட்டுவது போன்ற வேலைகள் விரலையும் கண்ணையும் பறித்துவிடும்.

பஞ்சர் கடையில் கிடைக்கும் ஏவுதளம்

அப்படியென்றால் வீட்டில் எதில் தொடங்குவது? தண்ணீர் ராக்கெட்!

* 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் எடுங்கள். காற்றழுத்தம் தாங்கும்படி செய்யப்பட்டது அது. மெல்லிய தண்ணீர் பாட்டில் வேண்டாம். கீறல் விழுந்ததும் வேண்டாம்.

* அட்டையில் மூன்று துடுப்புகள் வெட்டி, பாட்டில் வாய்ப் பக்கமாக ஒரே இடைவெளியில் ஒட்டுங்கள். எதிர்ப்பக்கம் காகித மூக்கு. அதற்குள் கொஞ்சம் களிமண்.

* ராக்கெட் சரிந்துவிடாமல் நிற்கும் புள்ளியில் கயிறு கட்டி, தலைக்கு மேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னால் போனால் ராக்கெட் நேராகப் பறக்கும். இல்லாவிட்டால் களிமண்ணைக் கூட்டுங்கள்.

* பழைய சைக்கிள் டியூப் வால்வை ரப்பர் கார்க்கில் செருகுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, கார்க்கால் அடைத்து, தாங்கியில் தலைகீழாக நிறுத்தி, நீளமான குழாய் வழியே பம்ப் அடியுங்கள். அழுத்தம் கூடியதும் கார்க் தானாகக் கழன்றுகொள்ளும். தண்ணீர் கீழே பீறிட, ராக்கெட் மேலே பாயும்.

பம்ப் அடிப்பது பெரியவர் வேலை. கண்ணாடி அணிந்து, எல்லோரும் தள்ளியே நிற்க வேண்டும். கிளம்பாவிட்டாலும் மேலே குனிந்து பார்க்கக் கூடாது. மின்கம்பி, லாரி போகும் சாலை பக்கத்தில் இல்லாத திறந்த மைதானமே சரியான இடம்.

தண்ணீர் குறைந்தால் உந்த எதுவும் இருக்காது. நிறைந்தால் காற்றுக்கு இடம் இருக்காது. ஒவ்வொரு முறையும் தண்ணீரின் அளவை மட்டும் மாற்றி, எது அதிக உயரம் போனது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முதல் ராக்கெட் சாய்ந்துதான் விழும். ஏன் சாய்ந்தது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். தப்பைத் தேடித் திருத்துவது எப்படி என்று சொல்லித்தர, ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாவையும் அம்மாவையும் விட நல்ல ஆசிரியர் யார்?