பாம்புச் செவிக்காரர்களையே ஏமாற்றிய 100 டாலர் இசைத்தட்டு!

11 ஆண்டு மறைந்திருந்த ரகசியம் அம்பலம்

காதில் விழுந்த மாத்திரத்தில் எது அசல், எது கலப்படம் என்று சொல்லி விடுவோம் என மார் தட்டியவர்கள் வாயடைத்துப் போனார்கள். 100 டாலர், 125 டாலர் கொட்டிக் கொடுத்து வாங்கிய இசைத்தட்டுகளில், பெயரைக் கேட்டாலே அவர்கள் முகம் சுளிக்கும் "டிஜிட்டல்" புகுந்திருந்தது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. 2011-ம் ஆண்டில் இருந்தே!

அமெரிக்காவில் 2022 ஜூலை மாதம் வெடித்த இந்த விவகாரத்தின் விவரம் வருமாறு:-

ஒற்றை நாற்காலி

பாட்டுக் கேட்க இப்போது செல்போன் போதும். மாதச் சந்தா கட்டினால் உலகத்துப் பாட்டெல்லாம் சட்டைப் பைக்குள் வந்து விடுகிறது. அப்படியும் பழைய இசைத்தட்டை விடமாட்டேன் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. சின்னக் கூட்டம் அல்ல. 2020-ல் அமெரிக்காவில் இசைத்தட்டு விற்ற பணம், சி.டி. விற்ற பணத்தை மிஞ்சி விட்டது. 1986-க்குப் பிறகு இப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

இந்தக் கூட்டத்தில் முற்றிய ஆசாமிகள் பாட்டுக் கேட்பதற்கென்றே தனி அறை வைத்திருக்கிறார்கள். எதிரொலி வராமல் இருக்கச் சுவரில் மெத்தை. தரையில் கம்பளம். ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். வால்வு வைத்த ஆம்பிளிபயர். ரெக்கார்டு பிளேயரின் முள்ளுக்கு மட்டுமே ஆயிரக்கணக்கான டாலர் கொடுப்பவர்களும் உண்டு. இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் ஒரே ஒரு நாற்காலி. அதில் வீட்டுக்காரர் உட்கார்ந்து விட்டால் யாரும் மூச்சு விடக் கூடாது. அம்மாவுக்கு நாற்காலி எங்கே என்று கேட்காதீர்கள்!

டேப்பில் ஒலி அலையாகவே இருக்கிறது. அந்த அலையே தட்டில் வரியாக விழுகிறது. சி.டி.யில் அப்படி அல்ல. ஒலியை வினாடிக்கு 44 ஆயிரத்து 100 தடவை அளந்து எண்ணாக மாற்றுகிறார்கள். முழுக் கறியைக் கொத்துக்கறி போட்ட மாதிரி, உயிர் போய் விடுகிறது என்பது இவர்கள் கட்சி.

"அசல் டேப்"

இவர்களை நம்பிப் பிழைத்த கம்பெனிதான் "மொபைல் பிடலிட்டி". சுருக்கமாக "மோபை". 1977-ல் தொடங்கியது. பிரபல பாடகர்களின் பழைய பாட்டுகளை அசல் டேப்பில் இருந்து எடுத்து, மறுபடி தட்டாகப் போட்டு விற்பது இதன் தொழில். "ஒரிஜினல் மாஸ்டர் ரெக்கார்டிங்" என்று அட்டையின் தலையிலேயே பட்டை போட்டிருக்கும்.

2016-ல் "ஒன் ஸ்டெப்" என்ற வரிசையைக் கொண்டு வந்தார்கள். வழக்கமாக முதலில் வெட்டும் அரக்குத் தட்டில் இருந்து அச்சுக்குப் போவதற்குள் நடுவில் இரண்டு நகல் எடுப்பார்கள். அந்த இரண்டையும் நீக்கி, அரக்குத் தட்டில் இருந்து நேராக அச்சு எடுத்தார்கள். பெட்டிக்குள் விளக்கப் படம் வேறு. அதில் டேப் இருந்தது, தட்டு இருந்தது. டிஜிட்டல் என்ற பேச்சே இல்லை.

உதைத்தது கணக்கு

மைக்கேல் ஜாக்சனின் "திரில்லர்" ஆல்பத்தை இந்த வரிசையில் 40 ஆயிரம் தட்டு போடப் போவதாகக் கம்பெனி 2022-ல் அறிவித்தது. அங்கேதான் கணக்கு உதைத்தது.

நேராக எடுத்த அச்சில் சுமார் ஆயிரம் தட்டுதான் போட முடியும். அது தேய்ந்தால் புது அரக்குத் தட்டு வெட்ட வேண்டும். 40 ஆயிரத்துக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 40 தடவை! ஓட்ட ஓட்ட டேப் தேயும். பொக்கிஷம் போன்ற டேப்பை அத்தனை தடவை ஓட்ட எந்த முதலாளி விடுவார்?

அரிசோனா மாநிலம் பீனிக்ஸ் நகரில் ரெக்கார்டு கடை வைத்திருப்பவர் ஒருவர், ஜூலை 14-ந் தேதி வீடியோ வெளியிட்டுக் குட்டை உடைத்தார். மோபை தட்டுகள் டிஜிட்டல் நகலில் இருந்து தயாராவதாக நம்பகமான இடத்தில் இருந்து தகவல் கிடைத்திருக்கிறது என்றார். அந்தத் தட்டுகளை விற்றுச் சம்பாதித்தவரே அவர்தான்!

ரசிகர்கள் கொதித்தார்கள். கம்பெனி மேல் அல்ல, முதலில் கடைக்காரர் மேல்!

ஆனால் சில நாளிலேயே காட்சி மாறியது. கலிபோர்னியாவில் செபாஸ்டபோல் ஊரில் உள்ள ஒலிக்கூடத்துக்கு வரும்படி கடைக்காரருக்கு அழைப்பு வந்தது. அங்கே என்ஜினீயர்கள் கேமரா முன்னால் உண்மையை ஒப்புக் கொண்டார்கள். டேப்பை "டி.எஸ்.டி." என்ற உயர்தர டிஜிட்டல் முறையில் நகல் எடுத்து, அதில் இருந்துதான் தட்டு வெட்டுகிறார்கள். அந்த முறையில் ஒலி இன்னும் நன்றாக வருகிறது என்றும் அவர்கள் வாதாடினார்கள்.

2011 கடைசியிலேயே கம்பெனி வெளியிட்ட தட்டுகளில் 60 சதவீதம் இப்படித்தான் என்று "வாஷிங்டன் போஸ்ட்" எழுதியது.

காதா? வாக்கா?

11 ஆண்டு! அத்தனை ஆயிரம் டாலர் முள்ளும், ஸ்பீக்கரும், மெத்தைச் சுவரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. இசையே தெரியாதவனும் போடக் கூடிய கூட்டல் கணக்கில்தான் சந்தேகமே முளைத்தது. "இந்தத் தட்டு ஒலியில் ஒரு உயிர் இருக்கிறது" என்று சிலாகித்தவர்கள் தங்கள் காதையே சந்தேகப்படும் நிலை வந்தது.

அதற்காகக் கம்பெனியை விட்டு விடலாமா? ருசி நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பசு நெய் என்று சொல்லி வேறு நெய்யை விற்கலாமா? வாங்கியவர்கள் கொடுத்தது ஒலிக்கு மட்டும் விலை அல்ல, அட்டையில் இருந்த வாக்குக்கும் சேர்த்து. ஒரு தட்டுக்கு அன்றைய மதிப்பில் 10 ஆயிரம் ரூபாய் வரை.

தெளிவில்லாத வார்த்தைகளைப் பயன்படுத்தியதற்காகக் கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் வழக்குகள் பாய்ந்தன. 2023-ல் சுமார் 2½ கோடி டாலர் அளவுக்குச் சமரசம் ஏற்பட்டது. தட்டைத் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணம். தட்டு வேண்டும் என்றால் விலையில் 5 சதவீதம் ரொக்கம், அல்லது 10 சதவீதத்துக்குக் கூப்பன்.

"திரில்லர்" தட்டும் பிறகு வெளிவந்தது. எந்த டேப், அதில் இருந்து டி.எஸ்.டி., அதில் இருந்து தட்டு என்று வந்த வழியை இந்தத் தடவை கம்பெனியே வெளிப்படையாகச் சொல்லி விட்டது. அதைப் படித்துப் பார்த்த பிறகும் வாங்கினார்கள்!