ரவுட்டர் போய்விட்டதா, அடாப்டர் போய்விட்டதா?

துபையில் இருக்கும் அத்தாவோடு வீடியோ காலில் பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் வைஃபை நின்றுவிடுகிறது. ரவுட்டரின் விளக்குகள் அணைந்து மறுபடி ஒவ்வொன்றாக எரிகின்றன. கடைக்குக் கொண்டுபோனால், "மெயின் ஐசி போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். போயிருக்கலாம்தான். ஆனால் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் நாமே சிலவற்றைச் சோதித்துவிடலாம்.

மெயின் ஐசி என்பது ரவுட்டரின் பிராசஸர். அதன் மையப் பகுதிக்குச் சுமார் 1 வோல்ட் போதும். அடாப்டர் தரும் 12 வோல்ட்டை (சிலவற்றில் 9) உள்ளே இருக்கும் சர்க்யூட் குறைத்துக் கொடுக்கிறது. பழைய அடாப்டரில் கெப்பாசிட்டர் காய்ந்துபோனால், ரவுட்டர் சும்மா இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. வீடியோ கால், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு என்று வேலை கூடும்போது வோல்டேஜ் சட்டென இறங்கும். பிராசஸர் ரீஸ்டார்ட் ஆகும். பார்ப்பதற்கு பிராசஸர் கோளாறு போலவே இருக்கும். அடாப்டரை மட்டும் தனியே கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 12 என்றே காட்டக்கூடும். அதில் ஏமாந்துவிடக் கூடாது.

எனவே முதலில் வேறு அடாப்டரை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்போம். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். பின்னின் அளவும் பிளஸ், மைனஸ் குறியும் ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது சூடு. செட்டாப் பாக்ஸ் மேலேயோ, மூடிய ஷோகேஸுக்குள்ளேயோ வைத்திருந்தால் வெளியே எடுத்து வைப்போம். தூசி படாமலிருக்க எம்ப்ராய்டரி துணி போர்த்தும் வீடுகளும் உண்டு! காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் வைத்ததும் நின்றுபோவது குறைந்தால் காரணம் தெரிந்துவிடும்.

நல்ல அடாப்டரிலும் பவர் விளக்கு மட்டும் எரிந்து மற்றவை அசையாமல் நின்றால், லேன் கேபிள் போட்டும் அமைப்புப் பக்கம் திறக்காவிட்டால், போர்டைச் சந்தேகிக்கலாம். அப்போதும் பிராசஸர்தான் என்று உறுதியில்லை. அப்டேட்டின் நடுவே கரண்ட் போய் மென்பொருள் கெட்டாலும் இதே அறிகுறிதான். அதைத் திரும்ப ஏற்ற முடியும். பிராசஸரே என்றால் மாற்றும் செலவுக்குப் புதிய ரவுட்டரே வாங்கிவிடலாம்.

ரீசெட் பட்டனை மட்டும் அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடும். பெட்டி ஃபைபர் நிறுவனம் கொடுத்தது என்றால் திறக்கவும் வேண்டாம். புகார் எண் வாங்கி, மாற்றித் தரச் சொல்லிக் கேட்போம்.