போர்ஷேவுக்குக் கட்டுபடியாகிற பாலிஷ் உங்க காருக்கும் கட்டுபடியாகுமா?

புது கார் டெலிவரி எடுக்கப்போற நேரத்துல ஷோரூம்ல நடக்கிற இந்தப் பேச்சு உங்களுக்குப் பழக்கமா இருக்கும். "சார், செராமிக் கோட்டிங் ஒண்ணு போட்டுடலாம். ஐம்பதாயிரம்தான். லோன்லயே சேர்த்துடறேன். மாசம் எண்ணூறு ரூபாய்தான் கூட வரும், உங்களுக்குத் தெரியவே தெரியாது." கூடவே போன்ல ஒரு வீடியோ காட்டுவாங்க. கறுப்பு போர்ஷே 911, போனட்ல மேல இருக்கிற டியூப்லைட் அப்படியே கண்ணாடியில தெரியற மாதிரி தெரியும். பார்த்ததும் மனசு கரைஞ்சுடும்.

அந்த எண்ணூறு ரூபாய்க்கு அப்புறம் வர்றேன். முதல்ல அந்த 911-க்கு உண்மையிலேயே என்ன செய்யறாங்க, அந்த ஓனருக்கு அது ஏன் நியாயமான செலவுன்னு பார்ப்போம். அது புரிஞ்சுட்டா உங்க காருக்கு எது வேணும், எது வேண்டாம்னு நீங்களே முடிவு பண்ணிடுவீங்க.

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை, திருவள்ளூர் பக்கம் வேலை பார்க்கிறவங்க கொஞ்சம் கூடுதல் கவனமா படிங்க. இந்த மாவட்டத்துக்கும் காருக்கும் பழைய உறவு உண்டு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்க ஆரம்பிச்சது திருவள்ளூர் ஆலையிலதான். இப்போ சிட்ரான் கார்கள் திருவள்ளூர்ல இருந்துதான் வெளியே வருது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துல கார்கள் கப்பல் ஏறுது. ஆனா கார் பெயின்ட்டுக்கு எதிரியும் இதே ஊர்லதான் இருக்கு.

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல உருக்காலைகளும் ரோலிங் மில்களும் நிறைய. அங்க இருந்து கிளம்பற இரும்புத் துகள் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதா இருக்கும். வெயில்ல காய்ஞ்சு நிக்கிற கார் மேல உக்காந்து ஒட்டிக்கும். ராத்திரி பனி ஈரம் பட்டதும் துருப்பிடிக்கும். வெள்ளைக் கார் வச்சிருக்கிறவங்க கதவுலயும் டிக்கிலயும் ஊசிமுனை அளவு ஆரஞ்சுப் புள்ளிகளைப் பார்த்திருப்பீங்க. "வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள பாடி துருப்பிடிச்சுடுச்சு"ன்னு பலரும் பதறுவாங்க. பெரும்பாலும் துருப்பிடிச்சது பாடி இல்ல, மேல உக்காந்திருக்கிற துகள். ரயில் பாதை ஓரமா தினமும் நிறுத்தினாலும் இதே கதைதான், பிரேக் தேயற தூள் பறந்து வந்து உக்காரும். இதோட எண்ணூர், பழவேற்காடு பக்கத்து உப்புக்காத்து, அனல்மின் நிலையச் சாம்பல், போர் தண்ணியில இருக்கிற உப்பு எல்லாம் சேர்ந்துக்கும். கம்பெனி பார்க்கிங்ல ஷெட் இல்லாம எட்டு மணி நேரம் நிக்கிற காருக்கு இது தினசரி டோஸ்.

இப்போ பெயின்ட்டுக்கு வருவோம். கார் பாடி மேல அடியில துரு தடுக்கிற ஒரு பூச்சு, அதுக்கு மேல பிரைமர், அப்புறம் கலர், கடைசியா நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்தே பொதுவா 100-ல இருந்து 140 மைக்ரான்தான் இருக்கும். கிளியர் கோட் மட்டும் சுமார் 35-ல இருந்து 50 மைக்ரான். நம்ம தலைமுடியோட தடிமன் கிட்டத்தட்ட 70 மைக்ரான். அதாவது உங்க காரை வெயில்ல இருந்து காப்பாத்துற லேயர் ஒரு முடியை விட மெல்லிசு.

"பெயின்ட் கரெக்‌ஷன்"னா என்ன? துணியால துடைச்சுத் துடைச்சு அந்த கிளியர் கோட்ல சிலந்தி வலை மாதிரி கீறல் விழுந்திருக்கும். அந்தக் கீறலோட அடிமட்டம் வரைக்கும் சுத்தி இருக்கிற கிளியர் கோட்டை இழைச்சு எடுத்துட்டா, மேற்பரப்பு சமமாகி வெளிச்சம் நேரா திரும்பும். பளபளப்பு வரும். லேசான பாலிஷ்ல ஒண்ணு ரெண்டு மைக்ரான் போகும். காம்பவுண்ட் போட்டு அழுத்தி இழைச்சா மூணு, அஞ்சு, சில சமயம் அதுக்கும் மேல. பாலிஷ்னு பேர் இருக்கிறதால ஏதோ மேல பூசறாங்கன்னு நாம நினைச்சுக்கறோம். நடக்கிறது எஃப்.டி.யை உடைக்கிற வேலை. வட்டி இல்ல, அசலையே எடுக்கறாங்க. காரோட ஆயுசு முழுக்க மொத்தமா பத்து மைக்ரான் அளவுக்கு மேல எடுக்காம இருக்கிறது நல்லதுன்னு வச்சுக்கோங்க. அதுக்கு மேல போனா வெயில் கலரை வெளுக்க ஆரம்பிக்கும், அப்புறம் கிளியர் கோட் தோல் உரியற மாதிரி உரியும். அந்த நிலைக்கு வந்துட்டா எந்தப் பாலிஷும் உதவாது, ரீபெயின்ட்தான்.

ஒரு பேச்சுக்கு, சிப்காட்ல ரோலிங் மில் வச்சிருக்கிற ஒரு முதலாளியோட 911 டீடெயிலிங் ஸ்டூடியோவுக்கு வருதுன்னு வச்சுக்குவோம். நல்ல கடைன்னா மெஷினை உடனே கையில எடுக்க மாட்டாங்க. முதல்ல ஃபோம், ரெண்டு பக்கெட் வாஷ். ஒண்ணு ஷாம்பு, இன்னொண்ணு துணியை அலசறதுக்கு. அப்புறம் அயர்ன் ரிமூவர் அடிப்பாங்க. இரும்புத் துகளைத் தொட்டதும் அந்தத் திரவம் ஊதா கலரா மாறி ஒழுகும். நம்ம ஏரியா கார்னா கதவெல்லாம் ஊதா அருவிதான். வாடை மட்டும் அழுகின முட்டை மாதிரி இருக்கும், சகிச்சுக்கணும். அதுல போகாததை க்ளே வச்சு வழுக்கலா தேய்ச்சு எடுப்பாங்க. இது எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பெயின்ட்டோட உண்மையான நிலைமை தெரியும். துகளை எடுக்காம மெஷின் வச்சா, அந்த இரும்பையே அரைச்சு பெயின்ட்ல புதுக் கீறல் போட்டதா ஆகும்.

அடுத்தது அளவு. பேனல் பேனலா கேஜ் வச்சு மைக்ரான் குறிச்சுக்குவாங்க. இங்கதான் உயர்ரக ஸ்போர்ட்ஸ் கார் சாதாரண கார்ல இருந்து பிரியுது. இப்போ இருக்கிற 911-ல வெளிப்பாடி பெரும்பாலும் அலுமினியம், பம்பர் பிளாஸ்டிக். இரும்பு பாடிக்கு மட்டும் வேலை செய்யற மலிவு கேஜ் அலுமினியத்துல எதையும் காட்டாது. கார்பன் ஃபைபர் பேனலா இருந்தா அல்ட்ராசோனிக் கேஜ் வேணும். பிளாஸ்டிக் பம்பர்ல மெஷினோட சூடு சீக்கிரம் தேங்கும், ஒரு நிமிஷம் அசந்தா பெயின்ட் வெந்துடும். பேனல் விளிம்புகள்ல பெயின்ட் எப்பவுமே மெல்லிசு, அதனால அங்கெல்லாம் டேப் ஒட்டுவாங்க. அப்புறம் ஒரு சின்ன இடத்துல மட்டும் இருக்கிறதுலயே லேசான பேடு, லேசான பாலிஷ் வச்சு டெஸ்ட். அது போதலைன்னாதான் அடுத்த லெவல். இப்படி முழுக் காரும் முடிய ரெண்டு நாள்ல இருந்து அஞ்சு நாள் ஆகும். பில்லுல பெரிய பங்கு இந்த மனுஷ உழைப்புக்குத்தான், பாட்டிலுக்கு இல்ல.

ஆடிட்டர் கண்ணுக்கு உறுத்தற ஒரு விஷயம் இங்க இருக்கு. கிளேஸ்னு ஒரு பொருள். கீறலுக்குள்ள எண்ணெயும் ஃபில்லரும் போய் உக்காந்து மறைச்சுடும். டெலிவரி அன்னைக்கு கார் ஜொலிக்கும், நாலு வாஷ்ல கீறல் எல்லாம் திரும்ப வந்துடும். பேலன்ஸ் ஷீட்ல மார்ச் 31-க்கு மட்டும் கேஷ் காட்டற மாதிரிதான் இதுவும். ஒழுங்கான கடைக்காரர் பாலிஷ் முடிஞ்சதும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த ஸ்ப்ரே அடிச்சுத் துடைச்சு, டார்ச் அடிச்சுக் காட்டுவார். அப்பவும் கீறல் தெரியலைன்னாதான் வேலை நடந்திருக்கு.

சரி, அந்த முதலாளி ஏன் இதுக்கு லட்சக்கணக்குல செலவு பண்றார்? 911 இன்னைக்கு ஆன்ரோடு 2 கோடிக்கு மேல. ஒன்றரை லட்சம் செலவு பண்ணாலும் அது கார் விலையில ஒரு சதவீதம்கூட இல்ல. விக்கும்போது வாங்கறவர் ஒரிஜினல் பெயின்ட்டானு கேஜ் வச்சுப் பார்ப்பார், அதனால பெயின்ட்டைக் காப்பாத்தறது அவருக்கு நேரடியா பணம். பிபிஎஃப் ஒட்டறதும் அதுக்குத்தான். அது 150, 200 மைக்ரான் தடிமன்ல இருக்கிற பாலியூரித்தேன் ஃபிலிம், என்.ஹெச். 16-ல கன்டெய்னர் லாரி பின்னாடி போகும்போது தெறிக்கிற கல்லை அதுதான் வாங்கிக்கும். செராமிக் கோட்டிங் கல்லைத் தாங்காது. "9 ஹெச் ஹார்ட்னஸ்"னு போட்டிருக்கிறது பென்சில் வச்சு பண்ற டெஸ்ட்டோட அளவு, வைரத்துக்குப் பக்கத்துல இருக்குன்னு அர்த்தம் இல்ல. தண்ணி ஒட்டாது, அழுக்கு சுலபமா போகும், கெமிக்கலைக் கொஞ்சம் தாங்கும். அவ்வளவுதான் அதோட வேலை, அதை ஒழுங்கா செய்யும்.

வரியையும் பார்த்துடுவோம். கார் கம்பெனி பேர்ல, தொழிலுக்கு ஓடுதுன்னா, வருமான வரியில வருஷம் 15% தேய்மானம் கிடைக்கும். டீடெயிலிங் பில்லும் பராமரிப்புச் செலவா போகும். சுமார் 25% வரி கட்டற கம்பெனிக்கு ஒரு லட்ச ரூபாய் பில்லுல 25,000 வரி குறையும். சொந்த உபயோகத்துக்கு ஓடின பங்கை அதிகாரி கழிச்சுடலாம், அது வேற. ஜிஎஸ்டியில மட்டும் அவருக்கும் வழி இல்ல. 13 பேர் வரை உக்கார்ற பயணிகள் வண்டிக்கு, கால் டாக்சி மாதிரி சில தொழில் தவிர, வாங்கறதுக்கும் சர்வீஸுக்கும் இன்புட் கிரெடிட் கிடையாது. சம்பளம் வாங்குற நமக்கு? இந்த பில்லைக் காட்டி ஒரு ரூபாய் வரி குறைக்க முடியாது.

இப்போ அந்த எண்ணூறு ரூபாய். 50,000-ஐ கார் லோன்ல சேர்க்கறீங்க, வட்டி 9.5%, ஏழு வருஷம்னு வச்சுக்குவோம். மாசம் 817 ரூபாய். ஏழு வருஷத்துல மொத்தம் சுமார் 68,600. கோட்டிங் நல்லா பராமரிச்சா மூணு வருஷம் நிக்கும்னு எடுத்துக்கோங்க, நம்ம ஊர் வெயில்ல கம்பெனி பார்க்கிங்ல அதுவே பெருசு. மூணு வருஷம் முடியும்போது காருக்கு மேல கோட்டிங் இருக்காது. லோன் கணக்குல அதுக்கான பாக்கி மட்டும் சுமார் 32,500 இருக்கும். இல்லாத ஒரு பொருளுக்கு இன்னும் நாலு வருஷம் தவணை. 12 லட்சம் காருக்கு 50,000-ன்னா விலையில 4%-க்கும் மேல, முதலாளிக்கு ஒரு சதவீதத்துக்குள்ள இருந்ததை ஞாபகம் வச்சுக்கோங்க. இன்சூரன்ஸ்ல ஐடிவி போடறப்போ ரெண்டு வருஷம் தாண்டி மூணு வருஷம் வரைக்கும் 30%, அதுக்கு அடுத்த வருஷம் 40% கழிப்பாங்க. போனட் எப்படி ஜொலிக்குதுன்னு அந்த டேபிள்ல காலமே கிடையாது. கோட்டிங், பிபிஎஃப் மதிப்பு பாலிசியில தானா சேராது. போட்டே ஆகணும்னா இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பில் அனுப்பி, கவர் ஆகுமான்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

கோட்டிங் போடவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. கையில எமர்ஜென்சி ஃபண்ட் ஆறு மாசத்துக்கு இருக்கு, ரொக்கமா குடுக்கறீங்க, கார் மேல ஆசைன்னா தாராளமா போடுங்க. ஆசைக்கும் பட்ஜெட்ல ஒரு லைன் வேணும். லோன்ல சேர்க்காதீங்க. இன்னொண்ணு, புது காருக்குக் கோட்டிங் போடறதுக்கு முன்னாடி "ஃபுல் கரெக்‌ஷன் ஃப்ரீ"ன்னு சொன்னா சந்தோஷப்படாதீங்க. வாங்கின முதல் நாளே எஃப்.டி.யை உடைக்கிற வேலை அது. லேசான ஒரு ஸ்டெப் போதும், அதுவும் தேவைப்படற பேனலுக்கு மட்டும்.

அதே இன்வாய்ஸ்ல இன்னொரு வரியைப் பாருங்க, கோட்டிங்கை விட முக்கியம். 10 லட்சத்துக்கு மேல விலை இருக்கிற காருக்கு டீலர் 1% டிசிஎஸ் பிடிப்பார். 12 லட்சம் காருன்னா 12,000. அது உங்க பான் நம்பர்ல 26ஏஎஸ்-ல ஏறியிருக்கும். ரிட்டர்ன்ல காட்டி வரியில கழிச்சுக்கலாம், வரியே இல்லைன்னா ரீஃபண்ட் வாங்கிக்கலாம். பாதிப் பேர் அதைப் பார்க்கிறதே இல்ல.

கும்மிடிப்பூண்டி பக்கம் தினமும் போற காருக்கு நான் பரிந்துரைக்கிற லிஸ்ட் சின்னது. ஷெட் இருக்கிற இடத்துல நிறுத்த முயற்சி பண்ணுங்க. வெயில் தாழ்ந்த பிறகு, நிழல்ல, ரெண்டு பக்கெட்ல கழுவுங்க. வருஷம் ரெண்டு தடவை அயர்ன் ரிமூவர், காயவிடாம அலசிடணும். அதுக்கப்புறம் ஸ்ப்ரே சீலன்ட். போர் தண்ணியில கழுவினா உடனே மைக்ரோஃபைபர்ல துடைச்சுடுங்க, காய்ஞ்ச உப்புத் தடம் பெயின்ட்டை அரிக்கும். அபார்ட்மென்ட்ல காலையில ஒரே துணியில பத்து கார் துடைக்கிற அண்ணன்கிட்ட, வெறும் தூசின்னா தொட வேண்டாம்னு சொல்லி, அவர் மாசக் காசை மட்டும் குறைக்காம குடுத்துடுங்க. இதுக்கெல்லாம் வருஷத்துக்கு சில ஆயிரம்தான். அந்த 817-ஐ ஆர்.டி.யில போட்டு வந்தா மூணு வருஷத்துல அசல் மட்டுமே 29,412 சேரும், ஒரு நல்ல கடையில ஒரு தடவை முறையா கரெக்‌ஷன் பண்ண அது உதவும்.

கடைசியா, பழைய கார் பார்க்கிறவங்களுக்கு. அந்த கேஜை உங்களுக்கும் பயன்படுத்திக்கலாம். கூரையில முதல்ல அளந்துக்கோங்க, அங்க ரீபெயின்ட் பண்றது அபூர்வம். கூரை 120 காட்டி, இடது கதவு 250 காட்டினா அந்தக் கதவை மறுபடி பெயின்ட் அடிச்சிருக்காங்க. 500-க்கு மேல போனா உள்ள பட்டி இருக்கு. 80-க்கும் கீழ காட்டினா பாலிஷ் போட்டுப் போட்டுத் தேய்ச்சிருக்காங்க, "ஷோரூம் கண்டிஷன்"னு விளம்பரம் பண்ற வண்டியில இதைக் கண்டிப்பா பாருங்க. பேரம் பேச உக்கார்றதுக்கு முன்னாடி எல்லா பேனல் நம்பரையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.