ஆளும் வரிசை, எதிர் வரிசை: மலேசியாவின் பருவநிலை அரசியல்

ஒரு மசோதாவின் நன்மை தீமைகளைத் தனித்து எடைபோடாமல், தம் கட்சி எடுத்த நிலையையே உறுப்பினர் தம் வாக்காக்கிக்கொள்வதைக் கட்சிசார் வாக்களிப்பு என்பர். அமெரிக்கச் சுற்றுச்சூழல், பருவநிலைக் கொள்கை அதற்குத் தெளிந்த சான்று. 1990இல் தூய காற்றுச் சட்டத் திருத்தம் 100 பேர் கொண்ட செனட் அவையில் இரு கட்சியினரும் சேர்ந்து அளித்த 89 வாக்குகளைப் பெற்றது. ஆனால் 2022இல் தூய எரிசக்திக்குப் பெரும் வரிச்சலுகை தந்த பணவீக்கக் குறைப்புச் சட்டத்தைக் குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட ஆதரிக்காததால், 50க்கு 50 என நின்ற அவையில் துணை அதிபர் கமலா ஹாரிசின் ஒற்றை வாக்கே அதைக் கரைசேர்த்தது.

மலேசியாவில் இத்தகைய பிளவைத் தேடினால் கிடைக்காது. இனம், சமயம், வட்டாரம் ஆகியவற்றின் மேல் எழுந்த இந்நாட்டுக் கட்சிகளுள் முதன்மையான எதுவும் புவி வெப்பமாதலை மறுத்து வாக்குக் கேட்பதில்லை. விரைந்தால் 2050இலேயே நிகர பூஜ்ஜியம், அதாவது வெளியேற்றப்படும் கரிமமும் உறிஞ்சப்படும் கரிமமும் சமமாகும் நிலை, என்ற இலக்கை 2021இல் இஸ்மாயில் சப்ரி அரசு அறிவித்தது. பின்வந்த அன்வார் இப்ராஹிம் அரசு அதை மாற்றவில்லை. ஆனால் இலக்கிற்கு விலை கொடுக்கும் வேளை வரும்போது, எந்தக் கட்சி என்பதைவிட அக்கட்சி அவையில் எந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறது என்பதே நிலைப்பாட்டைத் தீர்மானிக்கிறது.

எரிபொருள் மானியத்தைப் பார்த்தாலே இது விளங்கும். விலையின் ஒரு பகுதியை அரசே ஏற்பதால் எண்ணெய் மலிவாகிறது. மலிவானதை மக்கள் கூடுதலாக எரிப்பதால் கரிம வெளியேற்றமும் குறைவதில்லை. 2008 ஜூனில் தேசிய முன்னணி அரசு பெட்ரோலை லிட்டருக்கு 1.92 ரிங்கிட்டிலிருந்து 2.70க்கு உயர்த்தியபோது, எதிரணியை வழிநடத்திய அன்வார் அதைக் கடுமையாக எதிர்த்தார். 2024 ஜூன் 10 அன்று, பிரதமரான அவருடைய அரசே தீபகற்பத்தில் டீசலை 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு உயர்த்தியபோது, எதிர்க்குரல் எதிரணிக் கூட்டணியான பெரிக்காத்தான் நேஷனலிடமிருந்து வந்தது. பாத்திரங்கள் அவையே, நடிகர்கள்தாம் இடம் மாறினர்.

அரிய மண் தாதுக்களின் கதை இதைவிட நெருக்கமானது, ஏனெனில் அதன் முதல் அத்தியாயம் ஈப்போவின் புந்தோங்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத புக்கிட் மேராவில் எழுதப்பட்டது. ஈயச் சுரங்கக் கழிவிலிருந்து கிடைத்த மோனசைட் தாதுவைப் பதப்படுத்த 1982இல் இயங்கத் தொடங்கிய ஏஷியன் ரேர் எர்த் ஆலை, கதிரியக்கமுள்ள தோரியக் கழிவை விட்டுச்சென்றது. மக்கள் வழக்குத் தொடுத்து 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வென்றனர். 1993 இறுதியில் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு கவிழ்ந்தும், 1994இல் ஆலை மூடப்பட்டது. பின்னர் பகாங் மாநிலத்தின் கெபேங்கில் லைனாஸ் அரிய மண் ஆலை வந்தபோது எதிர்க்கட்சிகள் போராட்டக்காரர்களோடு கைகோத்தன. இயக்கத் தலைவர் வோங் தாக் 2018இல் ஜனநாயக செயல் கட்சி வேட்பாளராகப் பெந்தோங்கில் வென்று நாடாளுமன்றம் சென்றார். அக்கட்சி அங்கம் வகித்த பக்காத்தான் ஹராப்பான் அரசுதான் 2019 ஆகஸ்டில் ஆலையின் உரிமத்தை நீட்டித்தது. மின்சார வாகனங்களுக்கும் காற்றாலைகளுக்கும் வேண்டிய காந்தங்கள் இத்தாதுக்களிலிருந்தே பிறக்கின்றன என்பதால், பருவநிலைக் கொள்கை தன் பங்குக்கும் கழிவை உண்டாக்குகிறது என்பதை ஒப்புக்கொள்ள எந்தத் தரப்புக்கும் மனமில்லை.

இந்திய வாக்காளர்கள் பெருமளவில் வாழும் புந்தோங் சட்டமன்றத் தொகுதி, 2008 முதல் ஜனநாயக செயல் கட்சிக்கே வாக்களித்து வந்துள்ளது. 2020இல் உறுப்பினரே கட்சியை விட்டு விலகி, பேராக் மாநில அரசும் கவிழ்ந்த பிறகும், 2022இல் அக்கட்சியின் துளசி திவானி மனோகரனையே தொகுதி தேர்ந்தெடுத்தது. இந்த உறுதியை மாற்று அணியின் மீதுள்ள அவநம்பிக்கை, சமூக நலன் ஆகியவற்றைக் கொண்டு விளக்கலாமேயன்றிப் பருவநிலையைக் கொண்டு விளக்க முடியாது. ஆயினும் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரத்தில் அடங்குவதால், ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளும் கிளெடாங் மலைக்காடும் நிற்பதா வெட்டப்படுவதா என்பதில் கோலாலம்பூரைவிட பேராக் சட்டமன்றத்துக்கே கூடுதல் கை உண்டு. ஆகவே அடுத்த தேர்தலில் வீடு தேடி வரும் வேட்பாளர்களிடம், எந்தக் கட்சியினராயினும், எதிர் வரிசையில் பேசியதை ஆளும் வரிசைக்குச் சென்ற பிறகும் பேசுவார்களா என்ற கேள்வியைப் புந்தோங் வாக்காளர்கள் தவறாமல் கேட்க வேண்டும்.